மருமகளின் பாஸ்போர்ட்டில் நான் போட்ட பிள்ளையார் சுழி

காரைக்குடியைச் சுற்றிப் பத்து மைலுக்குள் என் லாரி துளை போடாத ஊர் கிடையாது. பள்ளத்தூரில் கேளுங்கள், வலையபட்டியில் கேளுங்கள், ஆழ்துளைக் கிணறு என்றால் என்னைத்தான் கை காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பன்னிரண்டு வயதில் அடுத்தவன் லாரியில் குழாய் தூக்கினேன். இன்றைக்கு என் பெயரில் மூன்று லாரி ஓடுகிறது. துளையிலிருந்து பாறைத்தூள் வெளியே வரும்போது உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துப் பார்ப்பேன். இன்னும் இருபது அடியில் தண்ணீர் என்று சொன்னால் வரும். படித்த இஞ்சினியர்கள் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல முகம் இருக்காது.

என் மருமகள் பிலிப்பைன்ஸ்காரி. மகன் துபாயில் வேலை பார்த்தபோது அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு எங்களுக்கு போட்டோ அனுப்பினார்கள். ஆறு மாதம் நான் மகனோடு பேசவில்லை. பேத்தி வயிற்றில் இருக்கும்போது இரண்டு பேரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். மகன் லாரித் தொழிலைப் பார்த்துக்கொண்டான். அவள் ஒரே வருஷத்தில் எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டாள். காய்கறிக்காரனிடம் அவள் பேரம் பேசுவதைக் கேட்டால் காரைக்குடியில் பிறந்தவள் என்றுதான் சொல்வீர்கள். அதற்கப்புறம் நான் போகிற இடமெல்லாம், “என் மருமக வெளிநாட்டுக்காரி, தமிழ்ல வெளுத்து வாங்குவா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் கற்றதற்கு நான் பெருமை அடித்தேன்.

இரண்டு குடும்பமும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும் மணிலாவுக்குத் தள்ளி ஒரு கடலோர ஊரில் பெட்டிக்கடை வைத்திருந்தார். சம்பந்தியம்மாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் தெளிவு மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பேத்திக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கண் போவதற்குள் குழந்தையின் முகத்தை நேரில் பார்த்துவிட வேண்டும், மகளையும் பார்த்துவிட வேண்டும். சம்பந்தியம்மா கேட்டது இவ்வளவுதான்.

மருமகள் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் வந்து நின்றாள்.

“மாமா, நானும் பாப்பாவும் ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு வரட்டுமா? ரெண்டு வாரம் போதும்.”

சரி, போய்ட்டு வா ஆத்தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் நாட்டு பாஸ்போர்ட்டில் அவள் நாட்டுக்கு அவள் போயிருப்பாள். நான் அப்படிச் சொல்லவில்லை. “நீ மட்டும் போனா என்ன மரியாத? சம்பந்தி வீட்ட நாங்க இன்னும் பாக்கவே இல்ல. எல்லாருமே போவோம். உங்கம்மாவையும் வரச் சொல்லு. ரெண்டு பக்கமும் நடுவுல சந்திப்போம்” என்றேன்.

நடு என்று நான் பிடித்தது மலேசியா. டீக்கடையில் யாரோ செல்போனில் காட்டியிருந்தார்கள். இந்தியாக்காரர்களுக்கு இப்போது அங்கே போக விசா வேண்டாம். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு எப்போதுமே வேண்டாம். திருச்சியிலிருந்து நேராக விமானம் இருக்கிறது, மணிலாவிலிருந்தும் இருக்கிறது. இந்தத் திட்டத்தை நானே கண்டுபிடித்த மாதிரி ஊரெல்லாம் சொன்னேன்.

டீக்கடையில் என்னோடு தினமும் உட்காரும் ரிட்டையரான தபால்காரர் கேட்டார்: “விசா எடுத்தாச்சாண்ணே?”

“விசாவா? அதெல்லாம் வேணாம்ப்பா. மலேசியாக்காரன் கதவத் தொறந்து போட்டுட்டான். திருச்சியில ஏறணும், கோலாலம்பூர்ல எறங்கணும். தேவகோட்டைக்குப் போற மாதிரி.”

“தேவகோட்டைக்குப் போறதுக்கு எதுக்குண்ணே நாலு புதுச் சூட்கேஸ்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சூட்கேஸ் வாங்கியது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

மருமகள் அப்படி நினைக்கவில்லை. கோடு போட்ட தாளில் பட்டியல் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். தங்கும் ஓட்டல் ரசீது வேண்டும். இறங்குவதற்கு மூன்று நாள் முன்னால் மலேசியாக்காரனுடைய வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது எங்களுக்கு. அவள் அம்மாவுக்கு வேறொரு நீளமான பட்டியல். யார் கூப்பிடுகிறார்கள், என்ன உறவு, செலவு யாருடையது என்று கடிதம், கல்யாணச் சான்றிதழின் நகல், பேத்தியின் பிறப்புச் சான்றிதழின் நகல், கடைக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதற்குத் தாள்.

“விசாவே வேணாங்குறப்ப எதுக்கு ஆத்தா இம்புட்டுத் தாளு?” என்று கேட்டேன்.

“மலேசியாக்காரகளுக்கு இல்ல மாமா. எங்க ஊரு ஏர்போர்ட்லயே கேப்பாக. மொதத் தடவ வெளிய போறவகள நிறுத்தி வச்சு விசாரிப்பாக. பதில் சரியில்லைன்னா ஏத்த மாட்டாக.”

“சொந்த நாட்டுக்காரியச் சொந்த நாட்டுக்காரனே தடுப்பானா? நல்ல கதை.”

“என்னையத் தடுத்தாகளே மாமா. துபாய் வேலைக்கு முன்னாடி ஒருதடவ சிநேகிதியப் பாக்க சிங்கப்பூருக்குக் கெளம்புனேன். விசா வேணாம். டிக்கெட் கையில இருக்கு. ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாக. எங்க அம்மா வெளியில பையோட நின்னுச்சு.”

ஏமாந்து வேறு நாட்டில் போய் மாட்டிக்கொள்ளும் பெண்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறார்களாம். இருந்தாலும் அந்தப் பயம் அவளைவிட்டுப் போகவில்லை. தினமும் சாயங்காலம் வீடியோவில் அம்மாவை உட்கார வைத்து, அதிகாரி மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பாஷையில் கேள்வி கேட்பாள். சம்பந்தியம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார். நடுநடுவே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். நான் சோபாவில் படுத்தபடி, “பொம்பளைக விவகாரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட்டெல்லாம் என்னிடம் இருக்கட்டும் என்று நான்தான் வாங்கி என் இரும்பு பீரோவில் வைத்தேன். “சின்னப் புள்ளைக நீங்க, தொலைச்சிருவீக.” மகனுக்கு வயது முப்பத்தாறு.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைத்துப் பிள்ளையார் சுழி போட்டுத்தான் எடுப்பேன். லாரிக்கு, கம்ப்ரஸருக்கு, ரசீதுப் புத்தகத்துக்கு, கேஸ் அடுப்புக்கு, செல்போன் வந்த அட்டைப்பெட்டிக்குக்கூட. முதல் லாரியில் முதல் துளைக்குத் தண்ணீர் பீச்சியடித்த நாளிலிருந்து எனக்கு அதில் அசையாத நம்பிக்கை. இத்தனை பெரிய பயணத்துக்கு முதல் தாள் பாஸ்போர்ட்தானே. கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் மகன் சாக்கோட்டைப் பக்கம் லாரியோடு போயிருந்தான். என் வீட்டுக்காரியும் மருமகளும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்கள். குளித்துவிட்டு பீரோவைத் திறந்தேன்.

ஐந்து புத்தகத்தில் மருமகளுடையதைத்தான் முதலில் எடுத்தேன். வீட்டு லட்சுமி என்று ஓர் எண்ணம். பயப்படுகிறவளும் அவள்தான், அவளுக்குத்தான் துணை வேண்டும் என்றும் நினைத்தேன். படம் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். அது பளபளவென்று பிளாஸ்டிக் மாதிரி இருந்தது, பேனா பிடிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் அழுத்தி ஒரு சுழி போட்டேன். அதன் கீழே மஞ்சளைக் குழைத்து விரலால் ஒரு பொட்டு வைத்தேன். மஞ்சளில் தண்ணீர் கூடிப்போயிருந்தது. பொட்டு நிற்காமல் வழிந்து தைத்த இடம் வரைக்கும் ஓடியது. குங்குமம் அதில் விழுந்து கரைந்தது. பதறிப்போய்த் தோளில் கிடந்த ஈரத் துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் காகிதம் பஞ்சு மாதிரி உரிந்து வந்தது. அச்சடித்திருந்த எழுத்தில் பாதி துண்டோடு போய்விட்டது. சுழி மட்டும் போகவில்லை.

மொட்டைமாடிக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்தேன். பக்கம் அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. கீழே கொண்டுவந்து அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்து அழுத்தினேன். பிறகு கடைவீதிக்குப் போய் ஐந்து பிளாஸ்டிக் உறை வாங்கி வந்து, ஐந்து புத்தகத்துக்கும் மாட்டி பீரோவில் வைத்துப் பூட்டினேன். மற்ற நாலு புத்தகத்தின் பக்கம் நான் மஞ்சளைக் கொண்டுபோகவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். விமானத்துக்கு ஏழு நாள் இருந்தது. சம்பந்தியம்மாவின் டிக்கெட்டையாவது தள்ளிப் போட்டிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பக்கம்தானே, படம் நன்றாகத்தான் இருக்கிறது, எவன் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. அறுபத்தெட்டு வயதில், மூன்று லாரி ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவன், ஒரு பெண்பிள்ளை முன்னால் போய்த் தப்புப் பண்ணிவிட்டேன் என்று நிற்க மனம் வரவில்லை.

இடையில் மருமகள் இரண்டு தடவை கேட்டாள். “மாமா, பாஸ்போர்ட்ட ஒருதடவ பாத்துக்கிறேன். படிவத்துல நம்பர் சரியா போட்டிருக்கேனான்னு.”

“அதான் ஜெராக்ஸ் வச்சிருக்கியே. அதப் பாத்துப் போடு.”

இரண்டாவது தடவை கேட்டபோது சத்தம் போட்டேன். “என்னைய நம்ப மாட்டியா? பீரோவுலதான இருக்கு, ஓடியா போகும்?”

“சரி மாமா” என்று போய்விட்டாள்.

கிளம்புகிற அன்று காலையில் செய்தி வந்தது. சம்பந்தியம்மாவை மணிலாவில் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லாத் தாளையும் வரிசையாக எடுத்து நீட்டியிருக்கிறார். விட்டுவிட்டார்கள். விமானத்தில் உட்கார்ந்து போட்டோ அனுப்பியிருந்தார். மருமகள் அடுப்படியில் நின்று அதைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அப்போதும் சொல்லவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் கவுண்டருக்கு முன்னால் நின்று ஐந்து பாஸ்போர்ட்டையும் நானே நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் உறையைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள். மூன்றைத் தாண்டிவிட்டாள். நாலாவது மருமகளுடையது. திறந்தாள், தடவிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“மேடம், இது யாரு பண்ணது?”

மருமகள் எட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சுழி இல்லாத பொருள் கிடையாது. பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“கொழந்த பண்ணிருச்சுங்க.”

மகன் தோளில் இருந்த பேத்தி தலையைத் தூக்கினாள். “நான் பண்ணல! அம்மா, நான் பண்ணலம்மா!”

“சரிடா, சும்மா இரு.”

“நான் பண்ணவே இல்ல!” குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கவுண்டர்ப் பெண் மெதுவாகச் சிரித்தாள். “மூணு வயசுப் புள்ள பிள்ளையார் சுழி எல்லாம் போடுமா மேடம்?”

அதற்கப்புறம்தான் என் வாய் திறந்தது. ஒரு குழந்தை அழுது, ஊர் பேர் தெரியாத ஒரு பெண் சிரித்த பிறகு. “நான்தாம்மா போட்டேன். நல்லதுக்குன்னு போட்டேன்” என்றேன்.

“ஐயோ, ஏங்க…” என்றாள் என் வீட்டுக்காரி.

மேலதிகாரி ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். “பக்கம் சேதமான பாஸ்போர்ட்ல நாங்க ஏத்த முடியாது சார். ஏத்தினாலும் அங்க திருப்பி அனுப்பிருவாங்க. விசான்னு ஒண்ணு இருந்தா அதுவாவது இன்னொரு ஆதாரம். விசா இல்லாமப் போறவங்களுக்கு இந்தப் புத்தகம் ஒண்ணுதான் சார் எல்லாமே.”

“டெல்லியில எங்க எம்பஸிக்குப் போயி மாத்தணும்” என்றாள் மருமகள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. “மாசக்கணக்காகும்.”

அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. சம்பந்தியம்மா அந்த நேரம் மேகத்துக்கு மேலே இருந்தார். போன் போகாது, சொல்லவும் வழி இல்லை. மகன், “நானும் போகல. எல்லாரும் வீட்டுக்குப் போவோம்” என்றான். நான், “நான் இருக்கேன். நீங்க…” என்று ஆரம்பித்து, நீங்க என்று யாரைச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினேன்.

முடிவு எடுத்தது அவள்தான். மகனிடம், “பாப்பாவ நீங்க கூட்டிட்டுப் போங்க. எங்க அம்மா அவளையாவது பாக்கட்டும்” என்றாள். குழந்தையின் பையை எடுத்து, மருந்து எங்கே, மாற்றுத்துணி எங்கே என்று காட்டினாள். என் வீட்டுக்காரி, “நான் இவளோட வீட்டுக்குப் போறேன். இவள விட்டுட்டு எனக்கு என்ன ஊரு வேண்டியிருக்கு” என்றாள். நானும் அவர்களோடு திரும்பிவிடலாம் என்று சூட்கேஸைப் பிடித்தேன்.

“நீங்க போங்க மாமா” என்றாள் மருமகள்.

“நான் எதுக்கு ஆத்தா…”

“எங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க.”

குரலை உயர்த்தவில்லை. இதைச் செய்யுங்கள் என்று அவள் என்னிடம் சொன்னது அன்றுதான் முதல் தடவை. நான் போனேன்.

விமானத்தில் நான்கு மணி நேரம். என் வாழ்க்கையில் முதல் விமானம். ஜன்னல் ஓரத்து இடம் எனக்குத்தான் வேண்டும் என்று முன்பே அடம் பிடித்து வாங்கி வைத்திருந்தேன். வெளியே பார்க்கவில்லை. பேத்தி நடுவில் இருந்தபடி, “அய்யா, நான் பண்ணல” என்று என்னிடம் இன்னொரு தடவை சொன்னாள். “தெரியும்டா” என்றேன். “அப்ப ஏன் நீ சொல்லல?” என்று கேட்டாள். மகன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கோலாலம்பூரில் வெளியே வரும் கதவுக்கு நேரே சம்பந்தியம்மா நின்றிருந்தார். எங்களுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து இறங்கியவர், எங்கும் உட்காரவில்லையாம். பூப்போட்ட கவுன், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் தாள்கள் வைத்த அதே பிளாஸ்டிக் பை. ஓரப் பார்வை இல்லாததால், வருகிற ஒவ்வொருவரையும் தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மகனைக் கண்டுகொண்டார். குழந்தையைக் கண்டுகொண்டார். என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் தேட ஆரம்பித்தார். இந்தப் பக்கம் தலையைத் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கதவு திறக்கிறபோதெல்லாம் கழுத்தை நீட்டினார். யாரும் வரவில்லை என்று அந்தக் கண்ணுக்குத் தெரிய நேரம் பிடித்தது.

மகன் வீட்டுக்கு வீடியோ போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தான். திரையில் மருமகள். எங்கள் வீட்டுச் சுவர், எங்கள் வீட்டுக் கடிகாரம். சம்பந்தியம்மா திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மகன் இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தான். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஏர்லைன் என்ற வார்த்தை தெரியும், பிராப்ளம் என்ற வார்த்தையும் தெரியும். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். அவன் கையைப் பிடித்தேன்.

“அப்பிடிச் சொல்லாத. அப்பா பண்ணுன தப்புன்னு சொல்லு. அவ பாஸ்போர்ட்டுல மஞ்சளப் போட்டுக் கெடுத்தது நான்னு சொல்லு.”

“அப்பா, இப்ப எதுக்கு…”

“சொல்லுடா.”

சொன்னான். கையால் சுழி போட்டுக் காட்டினான், பொட்டு வைத்துக் காட்டினான். நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில்கூட எனக்குள் ஒரு மிதப்பு எட்டிப் பார்த்தது. பார், ஒரு பெரிய மனுசன் தானே முன்வந்து தப்பை ஒத்துக்கொள்கிறான் என்று. சாமி காரியமாகச் செய்தது, தெரியாமல் நடந்தது, மன்னித்துவிடுவார் என்று.

சம்பந்தியம்மா முகம் சுளிக்கவில்லை. மெதுவாகத் தலையாட்டினார். பிறகு மகனிடம் ஒன்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

“என்ன கேக்குறாக?”

“மத்த பாஸ்போர்ட்டெல்லாம் எப்படி நல்லா இருக்குன்னு கேக்குறாக. பூசை அவளுக்கு மட்டுந்தானான்னு.”

தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்துத் தாண்டி வந்த மனுஷி. அவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். இத்தனை நேரம் மகனுக்கு வரவில்லை, என் வீட்டுக்காரிக்கு வரவில்லை. சாமி காரியம் என்றதும் எங்கள் ஆட்கள் மேலே கேட்கவில்லை.

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. நேரம் இல்லை என்று சொல்லலாம். மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். அந்த அம்மாவின் கண் என் முகத்தின் நடுவில் நின்றது. அவரால் அங்கே மட்டும்தான் பார்க்க முடியும்.

“மொதல்ல அவளுதுக்குத்தான் போட்டேன். போட்டதும் பக்கம் கெட்டுப்போச்சு. அதப் பாத்துட்டு மத்ததுக்குப் போடல.”

மகன் மொழிபெயர்க்கவில்லை. “அப்ப ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“வெள்ளிக்கெழமையே தெரியும்.”

“ஏழு நாளு?”

“ம்.”

“அவ பாஸ்போர்ட்ட காட்டுங்கன்னு கேட்டாளேப்பா. ரெண்டு தடவ கேட்டாளே.”

அப்போதுதான் போன் அணையவில்லை என்பது உறைத்தது. சம்பந்தியம்மாவின் கையில், திரையில், மருமகள் அப்படியே இருந்தாள். நான் பேசியது தமிழ். அம்மாவுக்குப் புரிவதற்கு முன்னால் மகளுக்குப் புரிந்துவிட்டது. திருச்சியில் அவளுக்குத் தெரிந்தது மாமா ஒரு மடத்தனம் பண்ணிவிட்டார் என்பது மட்டும். அதற்காக அவள் பெற்ற குழந்தையின் மேலேயே பழி போட்டாள். இப்போது மிச்சமும் தெரிந்துவிட்டது.

அவள் என்னைக் கூப்பிடவில்லை. அம்மாவிடம் அவர்கள் பாஷையில் பேசினாள், ரொம்ப நேரம். சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு போனை மகனிடம் கொடுத்துவிட்டு, தரையில் மண்டி போட்டுக் குழந்தையை இழுத்து, அதன் முகத்தைத் தன் முகத்துக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணை, மூக்கை, காதை, ஒவ்வொன்றாக. அந்த நெரிசலில் நாங்கள் இரண்டு ஆண்கள் சூட்கேஸ்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம்.

மருமகள் அன்று என்ன சொன்னாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. மகனுக்கும் அந்தப் பாஷை தெரியாது.

நான்கு நாள் இருந்தோம். சம்பந்தியம்மா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் முதலில் என் தட்டைத்தான் நிரப்புவார். வெயில் அடித்தால் குடையை என் பக்கம் சாய்ப்பார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மகளுக்குக் கொண்டுவந்திருந்த சாமான்களைக் கடைசி நாளில் என் சூட்கேஸில் அவரே அடுக்கினார். உலர்ந்த மாம்பழம், ஒரு போர்வை, மூன்று சட்டை. ஒவ்வொன்றையும் மடித்து உள்ளங்கையால் நீவிவிட்டு வைத்தார்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் டீக்கடைப் பக்கம் போகவில்லை. போன அன்று தபால்காரர் கேட்டார், ஏர்லைன்ஸ்காரன் கோளாறு என்று சொல்லிவிட்டேன். நாக்கு பழைய பழக்கத்தில் அப்படித்தான் புரள்கிறது. அவர் நல்ல மனுசர், கோபப்பட்டு மறுநாளே ஒரு புகார் மனு எழுதி எடுத்து வந்துவிட்டார். “கையெழுத்துப் போடுங்கண்ணே, விடக்கூடாது அவங்கள.” பேனாவைத் திறந்தேன், திரும்ப மூடினேன். நடந்ததைச் சொன்னேன். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தேன். தபால்காரர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “டீ ஆறுது, குடிங்க” என்றார்.

மருமகள் மகனோடு டெல்லிக்கு இரண்டு தடவை போய் வந்தாள். புதுப் பாஸ்போர்ட் வரப் பல மாதம் ஆனது. வந்ததும் அவளும் குழந்தையும் மட்டும் அவள் ஊருக்கு டிக்கெட் போட்டார்கள். எந்தத் தேதி என்று என் வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிளம்புகிற காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியோடு வாசலுக்கு வந்தேன். “திருச்சி வரைக்கும் நான் கொண்டாந்து விடுறேன் ஆத்தா.”

“வேணாம் மாமா.”

கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையின் செருப்பு வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டே சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் எது சொன்னாலும் ‘சரி மாமா’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். மகன் காரைப் பின்னால் எடுத்தான். குழந்தை ஜன்னல் வழியாகக் கையை ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரியின் போனுக்கு ஒரு படம் வந்தது. எனக்கு வரவில்லை. அவள் காட்டினாள். மருமகளும் அவள் அம்மாவும் ஒரு பெட்டிக்கடை வாசலில். சம்பந்தியம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுப்பார்வை இன்னும் இருக்கிறதாம்.

“பாத்துட்டீகளா?” என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

பார்த்துவிட்டேன் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.